தண்ணி ஏறாத டார்ச்சு

பயப்படாதீங்க சார், இது குண்டு இல்ல. டார்ச் லைட்டு. தண்ணிக்குள்ள எரியுதுல்லா, அதான் ஒரு மாதிரி தெரியுது. கண்டக்டரும் ஏறினதும் இதத்தான் கேட்டாரு. மூடி நல்லா இறுக்கமா இருக்கு, உங்க பேண்ட்ல ஒரு சொட்டு விழாது. ஊறுகாய் பாட்டில்தான். தூத்துக்குடியில ஏறும்போது போட்டது, இன்னும் எரியுது பாருங்க. மதுரை போயி, அங்க மலைக்கு வண்டி மாறணும். கொண்டு போய் ஒருத்தவுக கையில குடுக்கணும். நான் சொன்னது நடக்குதா இல்லையான்னு அவுக கண்ணால பாக்கட்டும்.

எம் பேரு தஸ்நேவிஸ். கடக்கரை ஊரு. பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது. மாதா கோயிலுக்கு எதுத்தாப்புல 'ரேடியோ ரிப்பேர்'னு போர்டு போட்டு ஒரு கடை இருக்கும், அது என் கடை. ரேடியோ இப்ப எவன் கொண்டு வாரான், மிக்ஸி வரும், சார்ஜர் வரும், திருவிழாவுக்குத் திருவிழா சீரியல் பல்பு வரும். கல்யாணம் ஆகல. வயசு நாப்பத்தஞ்சு. பொண்ணு கிடைக்காம இல்ல சார், நேரம் கிடைக்கல. ஆராய்ச்சியில இருக்கவனுக்கு அதெல்லாம் ஒத்து வராது. எங்க தங்கச்சி வேற மாதிரி சொல்லுவா. அத விடுங்க.

எங்க ஊர்ல பாதிப் பேரு முக்குளிக்கிறவங்க. சங்கு எடுப்பாங்க, சிங்கி எறா பிடிப்பாங்க. கடலுக்கடியில பாறைத் திட்டு இருக்கும், நாங்க பார்னு சொல்லுவோம். அந்தப் பார்ல பொந்து பொந்தா இருக்கும், அதுக்குள்ள சிங்கி உக்காந்திருக்கும். மேல உச்சி வெயில் அடிச்சாலும் பொந்துக்குள்ள இருட்டுதான். லைட் அடிச்சுப் பாத்துட்டுத்தான் கைய விடணும். ஏன்னா அஞ்சாளைக்கும் அதே பொந்துதான் வீடு. பாம்பு மாதிரி இருக்கும், மீனுதான். கடிச்சா விடாது. கடையில விக்கிற முங்கு டார்ச்ச வாங்கப் போனா வலை வாங்குற விலை சொல்லுதான். அதனால நானே செஞ்சேன். பிளாஸ்டிக் பைப்பு, உள்ள சாதா டார்ச்சு, முன்னால கண்ணாடி, பின்னால சைக்கிள் டியூப்பு, சந்து பொந்துல எல்லாம் பசை. பாக்க அவ்வளவு லட்சணமா இருக்கும்.

மொத டார்ச்ச என் தங்கச்சி ஜெசிந்தாவோட வீட்டுக்காரன் சந்தியாகுக்குத்தான் குடுத்தேன். சொந்தக்காரனுக்கு மொத மரியாதை செய்யணும்லா. அவன் முங்கினான். பொந்துல லைட் அடிச்சான், சிங்கியப் பாத்தான், கைய விட்டான். அந்தச் சமயம் பாத்து லைட் போயிருச்சு. சிங்கி இருந்த பொந்துலயே ரெண்டு முழம் தள்ளி அஞ்சாளை இருந்திருக்கு. ஆள்காட்டி விரல்ல மேல் கணுவோட போச்சு.

ஜெசிந்தா கடை வாசல்ல நின்னுக்கிட்டு, "என்னத்தண்ணே செஞ்சு குடுத்த, தண்ணிக்குள்ள அணைஞ்சு போற டார்ச்ச எவனாவது முக்குளிக்கிறவனுக்குக் குடுப்பானா"ன்னு ஊரு கேக்கக் கேட்டா. நான் அமைதியாத்தான் பதில் சொன்னேன். "டார்ச்சு அணையல ஜெசிந்தா. தண்ணி உள்ள வந்துச்சு. அணைஞ்சது பல்பு"ன்னேன். அவளுக்கு அந்த வித்தியாசம் விளங்கல. அன்னையிலேர்ந்து எனக்கு மத்தியானச் சாப்பாடு குடுத்து விடுவா, குழம்பு இருக்கும், மீனு இருக்காது. கேட்டா, "மீனு உள்ள இருந்துச்சு, குழம்பு வெளிய வந்துருச்சு"ம்பா. படிப்பு இல்லாத பொம்பளைக்கு வாய மட்டும் குடுத்துட்டான் ஆண்டவன்.

பொறவு நான் விடல சார். மெழுகு ஊத்திப் பாத்தேன். தாரு பூசிப் பாத்தேன். வள்ளத்துல ஓட்டை அடைக்கிற பசை வச்சுப் பாத்தேன். தண்ணி இருக்கே, அது சொந்தக்காரன் மாதிரி. முன்வாசல அடைச்சா கொல்லப்புறமா வந்து நிக்கும். கண்ணாடிய அறுக்கும்போது ஒரு நாளு கைய வெட்டிக்கிட்டேன். ஊசி போடணும்னு துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கதான் சார் ஆரம்பிச்சது.

நர்ஸம்மா பேரு அமலோற்பவம். எங்க ஊரு இல்ல, திண்டுக்கல் பக்கம். தனியா இருந்தாக. தம்பி தங்கச்சியெல்லாம் படிக்க வச்சு, கட்டிக் குடுத்து, அப்படியே வயசு நாப்பது ஆயிருச்சுன்னு ஊர்ல பேச்சு. அன்னைக்கு அவுக மூஞ்சி வாடிப் போயி உக்காந்திருந்தாக. பின்னால அட்டப்பெட்டி, உத்தரத்தத் தொடுற மாதிரி அடுக்கி வச்சிருந்துச்சு.

"என்ன நர்ஸம்மா, மருந்தா"ன்னு கேட்டேன்.

"மருந்தா இருந்தாத்தான் தீர்ந்திருக்குமே அண்ணே. ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். மேல இருக்கவங்க, உன் ஊருதான் மாவட்டத்துலயே கடைசின்னு திட்டுதாங்க"ன்னாக.

அது என்னன்னா... அதான் சார். அரசாங்கம் சும்மா குடுக்கும்லா. குடும்பஸ்தங்களுக்கு. புரிஞ்சிருக்கும், விடுங்க. நான் அத உறைன்னுதான் சொல்லுவேன், அதுக்கு மேல சொல்லிப் பழக்கமில்ல. அவுக ஊசி எடுக்க உள்ள போன நேரம் ஒண்ணப் பிரிச்சு இழுத்துப் பாத்தேன். என்னா இழுவை. என்னா மெல்லிசு. இந்தப் பக்கம் பிடிச்சா அந்தப் பக்கம் சுவத்துல ஓடுற பல்லி தெரியுது. ஒரு தையல் இல்ல, ஒரு சந்து இல்ல, வாய் ஒண்ணுதான். இப்படி ஒரு சாமானைக் கண்டுபிடிச்சவன் அத என்னத்துக்குச் செலவழிக்கான்னு நெனச்சப்ப மனசு கஷ்டமாப் போச்சு.

"நர்ஸம்மா, எனக்கு இதுல கொஞ்சம் வேணும்"னேன்.

அவுக கையில ஊசியோட அப்படியே நின்னுட்டாக. "உங்களுக்கா அண்ணே?"

"எனக்கு எதுக்கு? சந்தியாகுக்குத்தான். நல்லா இருந்துச்சுன்னா கடலுக்குப் போற எல்லாருக்கும் நானே எடுத்துச் சொல்லுதேன்."

அவுக கண்ணு கலங்கிருச்சு சார். "இந்த ஊர்ல உங்கள மாதிரி நாலு ஆம்பளைங்க இருந்தாப் போதும்ணே"ன்னு ஒரு பெட்டியவே தூக்கிக் குடுத்தாக. ஆராய்ச்சிக்கு மதிப்புக் குடுக்கிறவங்க கவர்மெண்ட்லயும் இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

விஷயம் ரொம்பச் சின்னது சார். டார்ச்ச உறைக்குள்ள விடணும். உள்ள இருக்கிற காத்த அமுக்கி வெளிய எடுத்துட்டு வாயக் கட்டணும். மேல இன்னொண்ணு மாட்டணும். அப்புறம் பைப்புக்குள்ள சொருகிட்டா பார்ல உரசாது. எண்ணெய் மட்டும் படக் கூடாது, தேங்கா எண்ணெய் பட்டுதுன்னா நூலு நூலாப் பிரிஞ்சிரும். இத நான் அனுபவத்துல கண்டுபிடிச்சேன். சந்தியாகு மறுபடியும் முங்கினான். ஒன்பது விரலும் ஒரு அரை விரலுமாப் போயி, அப்படியே முழுசாத் திரும்பி வந்தான். கையில நாலு சிங்கி.

அந்த சீசன் எங்க ஊரு கண்ட சீசன் இல்ல சார். எல்லாப் பயலும் துணை நிலையத்து வாசல்ல வரிசையில நிக்கான். முந்தி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதவன் எல்லாம் "நர்ஸம்மா, இந்த வாரத்துக்குக் குடுங்க"ங்கான். அடுக்கி வச்சிருந்த பெட்டியெல்லாம் காலி. மேலேர்ந்து புதுசா வேன்ல வந்து இறங்குது. அவுக மூஞ்சியில ஒரு பிரகாசம். தெருவுல என்னப் பாத்தா கையெடுத்துக் கும்பிடுவாக. நானும் கும்பிடுவேன்.

எல்லாம் ஜெசிந்தாவாலதான் கெட்டுது. சந்தியாகு சட்டையத் துவைக்க எடுத்தவ பையில கை விட்டிருக்கா. வீட்டுல இந்தச் சாமானே வந்ததில்ல, அப்ப இது யாருக்குன்னு பிடிச்சுக்கிட்டா. புருஷனை இழுத்துக்கிட்டு நேரா துணை நிலையத்துக்குப் போயி, "இவன் எவகிட்டப் போறான்னு கேட்டுச் சொல்லுங்க நர்ஸம்மா"ன்னு தரையில உக்காந்துட்டா. நர்ஸம்மா, "உனக்காகத்தானேம்மா வாரா வாரம் வாங்கிட்டுப் போறாரு"ன்னுருக்காக. "எனக்கா? எனக்கு இப்ப மூணு மாசம்"னுருக்கா இவ. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து சந்தியாகுவப் பாத்திருக்காங்க. அவன், "டார்ச்சுக்குங்க"ன்னுட்டான்.

அரை மணி நேரத்துல நர்ஸம்மா என் கடையில. ஸ்டூல்ல உக்காந்தாக.

"இத்தனை நாளா நான் மேல அனுப்பின கணக்கெல்லாம் டார்ச்சுக் கணக்கா?"

"ஒண்ணு கூட வீணாப் போகல நர்ஸம்மா"ன்னேன். அவுகளுக்குத் தைரியம் சொல்லணும்லா.

என்னையே பாத்தாக. திட்டப் போறாகன்னு நெனச்சேன். சிரிக்க ஆரம்பிச்சுட்டாக. சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, நிப்பாட்டவே முடியல. எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பொறவு கண்ணத் துடைச்சுட்டு, "எங்க, அந்த டார்ச்ச எடுங்க பாப்போம்"னாக. வாளியில போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாக.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிச்சு சரியில்ல. இப்படிக் கட்டினா நெகிழும்"னாக. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியில ஒரு கட்டு போடுவாங்களாம், அதப் போட்டுக் காட்டினாக. அதுக்கு முந்தி பத்துக்கு ஒண்ணு ஒழுகும். அதுக்குப் பொறவு ஒண்ணு கூட ஒழுகல. நான் வாங்கின நூலு நல்ல நூலு சார்.

அன்னையிலேர்ந்து சாயங்காலம் ஆச்சுன்னா கடைக்கு வந்திருவாக. டீ வாங்கிக் குடுப்பாக. நான் வேலை பாப்பேன், அவுக முடிச்சுப் போடுவாக. ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துச்சு. முந்தியெல்லாம் வாய்க்கு வாய் அண்ணே அண்ணேம்பாகளா, டார்ச்சு விஷயம் தெரிஞ்ச அன்னையிலேர்ந்து அந்த அண்ணே நின்னு போச்சு. "என்னங்க", "வாங்க", "சாப்பிட்டீங்களா" அவ்வளவுதான். சரி, ஏமாத்திட்டேன்னு உள்ளுக்குள்ள கோவம் போலன்னு நானும் பேசாம இருந்துட்டேன். மரியாதையக் கேட்டு வாங்க முடியாதுல்லா.

கடலை வேணுமா சார்? எடுத்துக்கிடுங்க. எனக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் இறங்கல.

அந்த வருசம் மாவட்டத்துலயே எங்க ஊருதான் முதல்னு வந்துருச்சு. ஒரு பெரிய அதிகாரி, கூட ஒரு டாக்டரம்மா, பாராட்ட வாராங்கன்னு சொல்லி விட்டாங்க. நர்ஸம்மா நடுங்கிப் போயிட்டாக. "நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்"னாக. சரின்னுதான் சொன்னேன்.

கோயில் மண்டபத்துல கூட்டம். சாமியார் ஜெபம் சொல்லி ஆரம்பிச்சு வச்சாரு. எதுக்குப் பாராட்டுன்னு அவருகிட்ட யாரும் விவரமாச் சொல்லல. அதிகாரி நல்ல மனுஷன், கண்ணாடி போட்டுக்கிட்டு, பேனாவோட. ஊர்க்காரங்க வாயால கேக்கணும்னு சொல்லி, முன்வரிசையில இருந்த சந்தியாகுவ எழுப்பினாரு. நான் எதுத்தாப்புலதான் இருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு.

"ஊர்ல எல்லாரும் இத உபயோகப்படுத்துறீங்களா?"

"இது இல்லாம ஒரு பய கடலுக்குப் போக மாட்டான் சார்."

"கடலுக்குப் போகும்போதா?"

"ஆமா சார். கரையில எதுக்கு?"

அதிகாரி எழுதினத நிப்பாட்டிட்டு ஒரு தடவை கண்ணாடியத் துடைச்சுக்கிட்டாரு. "சரி, முறையாத்தான் பயன்படுத்துறீங்களா?"

"ரெண்டு மாட்டுவோம் சார். ஒண்ணு மேல ஒண்ணு. எண்ணெய் படாமப் பாத்துக்கிடுவோம். பட்டா கிழிஞ்சிரும்."

"பாத்தீங்களா டாக்டர்? எண்ணெய் படக் கூடாதுன்னு படிச்சவங்களுக்கே தெரியாது. எவ்வளவு விழிப்புணர்ச்சி"ன்னு அந்தம்மா பக்கம் திரும்பிச் சந்தோஷமாச் சொன்னாரு. "இது வாரதுக்கு முன்னால உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு?"

"அத ஏன் சார் கேக்கீங்க. இது இல்லாமப் போயித்தான் எனக்கு இது போச்சு"ன்னு சந்தியாகு அந்தக் குட்டை விரலத் தூக்கிக் காட்டினான்.

டாக்டரம்மா குனிஞ்சுக்கிட்டாக. தோளு குலுங்குது. பொம்பளைங்க பக்கத்துல ஒரே சிரிப்பு. அந்த விரல் போனதுல எங்க குடும்பம் பட்ட பாடு இவளுகளுக்குச் சிரிப்பு. டாக்டரம்மா ஒரு வழியா நிமிந்து, "எல்லாம் சரி, இந்த ஊர்ல இந்த வருசம் பிரசவம் கூடித்தானே இருக்கு? இந்த மண்டபத்துலயே இத்தனை பேரு வயித்தோட உக்காந்திருக்காங்களே?"ன்னு கேட்டாக. முன்னால ஜெசிந்தா நிறைமாசமா உக்காந்திருக்கா. ஏன் கூடாது? சீசன் நல்ல சீசன். வீட்டுல காசு இருக்கு, புருஷன் பொண்டாட்டி சண்டை இல்ல. பிள்ளை பிறக்குது. அதுக்கும் டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா நர்ஸம்மா மூஞ்சியில ரத்தமே இல்ல. தூணப் பிடிச்சுக்கிட்டு நிக்காக.

எனக்குப் பொறுக்கல சார். அவுகளுக்காகத்தான் எந்திரிச்சேன், என் பேருக்காக இல்ல. இத மனசுல வச்சுக்கிடுங்க. எந்திரிச்சு, "ஐயா, இவுக மேல ஒரு தப்பும் இல்ல. இந்த ஊருக்கு வந்த உறையில ஒண்ணு கூடத் தப்பான வழிக்குப் போகல. எல்லாம் டார்ச்சுக்குத்தான் போயிருக்கு. நான் சாட்சி"ன்னேன். சொன்னா நம்பணும்லா. மண்டபத்துக்குப் பின்னால வாளியில தண்ணி தயாரா வச்சிருந்தேன், ஒரு முன்ஜாக்கிரதைக்கு. கொண்டு வந்து நடுவுல வச்சு டார்ச்ச முக்கிக் காட்டினேன். பகல்ல கூட வாளி பூரா வெளிச்சம்.

அதிகாரி எந்திரிச்சு வந்து வாளியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. திரும்பவும் வாளியப் பாத்தாரு. என் வேலைப்பாட்டுல சொக்கிப் போயிட்டாருன்னு நெனச்சேன். அப்புறம் டாக்டரம்மாகிட்ட மெதுவாச் சொன்னாரு, எனக்குக் காது நல்லாக் கேக்கும்: "மேல அனுப்பியாச்சும்மா. சென்னையில பேசியும் முடிச்சாச்சு. ஏறின கணக்கு இறங்காது." பேனாவ மூடிச் சட்டையில சொருகிட்டு, கை தட்ட ஆரம்பிச்சாரு. அவரு தட்டினதும் எல்லாரும் தட்டினாங்க. சாமியாரும் தட்டினாரு. நர்ஸம்மாவுக்குச் சால்வை போட்டாங்க. இதே மாதிரி மலை மேலயும் செஞ்சு காட்டணும்னு சொல்லி, அடுத்த மாசமே திண்டுக்கல் பக்கம் மலை ஊருக்கு மாத்தல் போட்டாங்க. என் பேர ஒருத்தன் சொல்லல. டார்ச்சுங்கிற வார்த்தையே எவன் வாயிலயும் வரல. இதான் சார் என் ஆதங்கம்.

மாத்தல் ஆர்டர் வந்த மறுநாள் காலையில நர்ஸம்மா அந்தச் சால்வையக் கொண்டாந்து என் மேசையில வச்சாக. "இது உங்களுக்குத்தான் சேரணும்"னாக.

"எனக்கு எதுக்கு? சரிகை வச்சது, கண்ணாடி துடைச்சாக் கீறல் விழும்"னு திருப்பிக் குடுத்துட்டேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா.

அவுக போகல. நின்னுக்கிட்டே இருந்தாக. "மலையில கடல் கிடையாது. அங்க வந்தா நீங்க என்ன செய்வீங்க?"ன்னு கேட்டாக.

"நான் எதுக்கு அங்க வாரேன்?"னேன். நியாயமான கேள்விதானே சார். அவுக வெயில்ல விறுவிறுன்னு நடந்து போயிட்டாக. பஸ் ஏத்தி விட ஊரே போச்சு. நான் போகல, ஒரு மிக்ஸி அவசரமா இருந்துச்சு. அந்த மிக்ஸி அன்னைக்கு ஓடவே இல்ல. திருப்புளிய எங்க வச்சேன்னு தேடியே பொழுது போயிருச்சு.

புதுசா வந்த நர்ஸம்மா ரொம்பக் கண்டிப்பு. கல்யாணம் ஆகாதவனுக்கு ஒரு உறை கிடையாதுன்னுட்டாக. அதுவும் நல்லதுக்குத்தான். நான் உறை இல்லாமயே செய்யுற வழிய யோசிச்சேன். குக்கர் மூடியில ரப்பர் வளையம் இருக்கும்லா, அந்த மாதிரிச் சின்னதா வளையம் வெட்டி, மூடியத் திருகினதும் நசுங்கி அடைக்கிற மாதிரி வச்சேன். சுவிச்சுக்கு ஓட்டையே கிடையாது. வெளிய ஒரு காந்தம், தள்ளினா உள்ள பத்திக்கும். இப்ப கையில இருக்கே, இது அதே மாதிரி செஞ்ச இன்னொண்ணு. இத அவுககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. போன் போட்டேன். வேற யாருக்கு சார் இது புரியும்?

அவுக கேட்டுட்டு, "இங்க பாதி வருசம் மழைதான். பிரசவத்துக்குக் கூப்பிட்டா ஓடை தாண்டிப் போகணும், என் டார்ச்சு ஒவ்வொரு தடவையும் நனைஞ்சு செத்துப் போகுது"ன்னாக. "பார்சல்ல அனுப்புதேன்"னேன். "பார்சல்ல வந்தாச் சரிப்படாது. ஆளு வரணும்"னாக. மாட்டிக் காட்டணும்னா ஆளு போய்த்தானே ஆகணும். போனேன். நல்லாக் கவனிச்சாக. மீனு கிடைக்காத ஊர்ல எங்கேயோ சொல்லி வச்சு மீன் குழம்பு வச்சிருந்தாக.

ஆனா பாருங்க சார், நம்ம டார்ச்சு அங்க போயி மாசத்துக்கு ஒரு தடவை ரிப்பேர் ஆகுது. ரெண்டாவது தடவை போயிப் பாத்தா பேட்டரியத் தலைகீழாப் போட்டு வச்சிருக்காக. மூணாவது தடவை பேட்டரியே இல்ல, மேசை டிராயர்ல கிடக்கு. தொப்புள்கொடிக்கு அப்படி முடிச்சுப் போடத் தெரிஞ்ச பொம்பளைக்கு பேட்டரி போடத் தெரியல. நான் ஒண்ணும் சொல்றதில்ல, நாலு வார்த்தைல சொல்லிக் குடுத்துட்டு வருவேன். சொல்லிக் குடுக்கும்போது பேட்டரியப் பாக்க மாட்டாக, என் மூஞ்சியத்தான் பாப்பாக. கவனம் இல்லாட்டி எப்படி விளங்கும்?

போன வாரம் போன்ல, "இந்த டார்ச்சு எத்தனை வருசம் வரும்?"னு கேட்டாக. நான் வியாபாரி மாதிரிப் பொய் சொல்ல மாட்டேன். "அது தானா வராது. ஒருத்தர் கூட இருந்து பாத்துக்கிட்டா ஆயுசுக்கும் வரும்"னேன்.

"யாரு கூட இருந்து பாக்கணும்?"

"வேற யாரு, நான்தான். அடுத்தவன் கை பட்டாக் கெட்டுப் போகும்."

அந்தப் பக்கம் போனு கை மாறுற சத்தம் கேட்டுச்சு. பொறவு அவுக அண்ணன் முறை ஒருத்தரு, பெரியப்பா மகன், பேசினாரு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு, மரியாதையான மனுஷன். "ரொம்பச் சந்தோஷம் தம்பி. அப்ப தேதி வச்சிருவோமா?"ன்னாரு. சர்வீஸ் பண்ண வாரதுக்குத் தேதி கேக்காருன்னு, "உங்க வசதி சார், எனக்கு என்னைக்குன்னாலும் சரி"ன்னேன். "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க"ன்னாரு. அதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபடல. ஜெசிந்தாகிட்டச் சொன்னேன். அவ அடுப்படியில நின்னுக்கிட்டு அழுதா. ஒரு டார்ச்சு ரிப்பேருக்கு யாராவது அழுவாங்களா?

பின்னால திரும்பாம நைசாப் பாருங்க. பச்சைச் சேலையில கைப்பிள்ளையோட ஒருத்தி இருக்காள்லா, அதான் அவ. பக்கத்துல சந்தியாகு. அவன் மடியில தாம்பாளம், துணி போட்டு மூடியிருக்கு. உள்ள பழம், பூவு, பட்டுச் சேலை. "பட்டுச் சேலை எதுக்கு?"ன்னு கேட்டேன். "நீ வாயத் தொறந்தா இதுவும் கெட்டுப் போகும்ணே. இறங்குற வரைக்கும் முன் சீட்டுல போயி உக்காரு"ன்னு விரட்டிட்டா. அதான் உங்க பக்கத்துல வந்தேன். நீங்க பாத்தா படிச்சவரு மாதிரித் தெரியுது. நீங்களே சொல்லுங்க சார், இதெல்லாம் என்னன்னு.

ஏன் சார் சிரிக்கீங்க?

என்ன சொன்னீங்க?

சேச்சே. அப்படியெல்லாம் இருக்காது. அவுக கவர்மெண்ட் உத்தியோகம். சால்வை வாங்கினவுக. நான் ரேடியோ ரிப்பேர் பாக்குதவன்.

அப்படியா சொல்லுதீங்க?

நிசமாத்தானா சார்?

கொஞ்சம் கால ஒதுக்குங்க, நான் பின்னால போயி ஜெசிந்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன். சார், இன்னொண்ணு. மதுரையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துல முடி வெட்டுற கடை ஏதாவது இருக்குமா?